பக்கத்து சீட்டில் அண்ணி

எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்கள் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வாசலுக்கு நேராக என் மேஜை. பெயர் எழுதுவது, நேரம் ஒதுக்குவது, யாருக்கு எந்த ஆசிரியர் என்று முடிவு செய்வது, ஃபோனில் கத்துகிறவர்களுக்குத் திருப்பிக் கத்துவது எல்லாம் நான்தான். மாதம் ஒருமுறை முதலாளி என்னைக் குரலைத் தணிக்கச் சொல்வார். நானும் ஒரு வாரம் தணிப்பேன்.

ஆசிரியர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி என் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பதினாறு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாள். ஸ்டியரிங்கைப் பார்த்ததுமே கை நடுங்குகிறவர்கள், வேறு பள்ளியில் திட்டு வாங்கி ஓடிவந்தவர்கள், அறுபது வயதில் ஆசை வந்தவர்கள் எல்லாரையும் அண்ணியின் வண்டிக்குத்தான் அனுப்புவேன். "இடியே விழுந்தாலும் எங்க அண்ணி பதற மாட்டாங்க" என்று சொல்லி அனுப்புவேன். பொய் இல்லை. ஒருமுறை ஒருவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு பழக்கடை வாசல் வரைக்கும் போய்விட்டார். பழகுகிற வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அண்ணி அதை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டு, "சரி, இப்போ ரிவர்ஸ் பழகலாம்" என்றாளாம். இதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். பள்ளியின் விளம்பரத் தாளில்கூட "பதறாத ஆசிரியர்" என்று அச்சடிக்க வைத்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அண்ணி கற்றுக்கொடுக்கும் விதமே தனி. ஓட்டுகிறவர் தன் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். முதல் வாரம் அவளே சொல்லிக் காட்டுவாள். "முன்னால பஸ், நிக்கப் போகுது. நடைபாதையில ஒரு அம்மா, குழந்தை கையை விட்டுட்டாங்க. சிக்னல் ரொம்ப நேரமா பச்சை, மாறும்." ஒரே சீரான குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. கேட்கிறவர்களுக்கு அதுவே தைரியம்.

அண்ணிக்கு ஒரு மகள். பதினெட்டு முடிந்துவிட்டது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அதற்குரிய குணமும் உண்டு. அவளுக்கு மட்டும் அண்ணி ஓட்டக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்றாள். "ஊருக்கெல்லாம் சொல்லித்தர்ற, எனக்குன்னா மட்டும் உனக்குக் கசக்குதா?" என்று வாலு கேட்பாள். "மத்த மூணு பேர்ல யார்கிட்டயாவது கத்துக்க" என்று அண்ணி பாத்திரத்தைக் கழுவுவாள். அதே சீரான குரல். வாலு கதவைச் சாத்தினால் வீடே அதிரும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான என் அண்ணன் அந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்ரஸர் ஒன்றைத் துடைக்க ஆரம்பிப்பான்.

ஒரு பல் டாக்டரால்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்தவர் பல்லைக் கூசாமல் பிடுங்குகிற மனிதர், கிளட்ச் என்றால் நடுங்குவார். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "உங்க அண்ணி மாதிரி ஒரு டீச்சர் கிடைக்காது. ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல நிறுத்தறதை நாலு நாளா விடாம சொல்லித்தர்றாங்க. ஒவ்வொரு நாளும் புதுசா ஆரம்பிக்கிற மாதிரி முதல்லேருந்து சொல்றாங்க. அஸ்திவாரம் போடறாங்க பாருங்க" என்று புகழ்ந்துவிட்டுப் போனார்.

எங்கள் பள்ளியில் ஒரு பாடம் ஒரு நாள்தான். முடிந்ததும் ஆசிரியர் அட்டையில் பாடத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல் டாக்டரின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்கு வரி, நான்கிலும் ஒரே பாடம், நான்கிலும் அண்ணியின் அழகான கையெழுத்து. மேலே இருக்கிற வரியைப் பார்க்காமலா கீழே எழுதினாள்? பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள்.

மத்தியானம் அண்ணி வந்ததும், "என்ன அண்ணி, டாக்டர் மேல அப்படி என்ன பிரியம்? ஃபெயிலான பையன் மாதிரி ஒரே வகுப்புல உட்கார வச்சிருக்கீங்க?" என்று கிண்டல் செய்தேன். அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை. அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின.

"நான் எழுதினதா இது?" என்றாள்.

கையைப் பிடித்துப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆரஞ்சு நிறக் கோன்களும் பழைய டயர்களும் கிடக்கிற இடம். ஒரு டயர் மேல் உட்கார்ந்து, இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நான் வண்டியில இருக்கறதே இல்லடி. பின் சீட்டுல உட்கார்ந்து, முன்னால ஒருத்தி பாடம் எடுக்கறதைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். அவ பேசறா, அவ பிரேக் போடறா. நல்லாத்தான் போடறா. சில நாள் பார்க்கக்கூட மாட்டேன். காலையில கிளம்பினது தெரியும், வீட்டுக்கு வந்தது தெரியும். நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாது."

"எப்போலேருந்து?"

"சின்ன வயசுலேருந்து. எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சேன். இப்போ ஜாஸ்தி ஆயிடுச்சு." கீழே கிடந்த ஒரு கோனை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வாலுவுக்கு ஏன் சொல்லித்தர மாட்டேங்கறேன்னு இப்போ புரியுதா? அவ பக்கத்துல உட்கார வேண்டியது நான். நான் வரலைன்னா?" என்றாள்.

ஊரிலிருக்கிற பயந்தவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியவள் நான். பழக்கடைக் கதையைச் சொல்லிச் சிரித்தவளும் நானே. அண்ணி மறுநாளே முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் முதலில் வெலவெலத்துப்போனார்; பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வண்டி வேண்டாம். கிளாஸ் ரூம்ல போர்டுல எழுதிச் சொல்லிக்கொடுங்க. சரியானதும் வாங்க" என்றார். அந்த மனிதரை நான் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சரியாவது எங்கே என்பதுதான் கேள்வி. குடும்ப டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். காது டாக்டர் நாற்காலியில் வைத்துச் சுற்றினார். நரம்பு டாக்டர் தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு" என்றார். அந்த "ஒண்ணுமில்ல"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூளையில் கட்டி இல்லை என்பது நல்ல செய்திதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டபோது, அவள் திருட்டுத்தனமாக எதையோ செய்து மாட்டிக்கொண்டவள் போல இருந்தாள்.

பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம். நல்ல பையன், தேன் சொட்டும் குரல். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆற்றங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணி மூடினாள். நாற்பது நிமிடம் கழித்து அவர் வெளியே வந்து, "என்கிட்ட வந்தவங்கள்ல இவ்வளவு சீக்கிரம் அமைதியானவங்க இவங்கதான்" என்று பெருமைப்பட்டார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் யார் என்றே அவளுக்கு ஒரு நிமிடம் தெரியவில்லை. தன்னை விட்டு விலகிப் போகத் தெரிந்தவளை இன்னும் போகச் சொல்லிப் பழக்கிக்கொடுத்திருக்கிறார்! மூன்று வாரம் அப்படிப் போய், நிலைமை இன்னும் மோசமானதும் நிறுத்திவிட்டோம். அண்ணி, "விடுடி, நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

என்னிடம் வண்டி பழகப் பெயர் எழுதிய நர்ஸ் ஒருத்தி ஒரு வழி சொன்னாள். அவளிடம் யார் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "மனசு இப்படி உடம்பை விட்டு விலகிப் போறதுக்கு டிசோசியேஷன்னு பேரு. எல்லா ஆலோசகருக்கும் இதுல பழக்கம் இருக்காது. ஃபோன் பண்ணி, இப்படி இருக்கறவங்களை நீங்க பார்த்திருக்கீங்களான்னு நேரா கேளுங்க" என்றாள்.

கேட்பதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? மேஜையில் இருந்தபடியே, நடுநடுவே பெயர் பதிந்துகொண்டே, பதினோரு இடத்துக்கு ஃபோன் போட்டேன். ஒருத்தர் அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ஒருத்தர் ஆறே வாரத்தில் பூரண குணம் என்றார். ஒருத்தர் பேய் பிடித்திருக்குமோ என்று என்னையே கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைக் கேட்டு முதலாளி அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். பன்னிரண்டாவது எண்ணில் சளி பிடித்த ஒரு பெண் குரல். கேட்டதும் கொஞ்சம் யோசித்தது.

"பார்த்திருக்கேன். ஒரு பத்து பன்னண்டு பேர் இருக்கும். சீக்கிரம் ஆகாதும்மா, வருஷக்கணக்குல ஆகலாம். ஆனா மாற்றம் வரும். ஏழு வாரம் காத்திருக்க முடியுமா?"

பொய்யாக ஒரு நம்பிக்கையும் கொடுக்காத அந்தக் குரலை எனக்கு உடனே பிடித்துப்போனது. ஏழு வாரமும் காலண்டரில் நானே கோடு போட்டேன்.

எழுதுபொருள் கடைக்கு மேலே அவருடைய அறை. அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு மாடி மேடம் என்று பெயர். இரண்டு நாற்காலியும் இரண்டு விதம். வருகிறவர் கதவுக்குப் பக்கத்தில் உட்காரும்படி போட்டிருந்தார். எழுந்து போக வேண்டும் என்றால் யாரையும் தாண்ட வேண்டாம். முதல் நாள் அண்ணி கேட்டுக்கொண்டதால் நானும் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"இந்த ரூம்ல உங்க கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று மேடம் ஆரம்பித்தார். விலகிப் போகிற மனதை இங்கே பிடித்து நிறுத்த இது ஒரு வழியாம், பெரும்பாலானவர்களுக்குப் பலிக்குமாம்.

அண்ணி சரளமாக ஆரம்பித்தாள். "எதிர்ல ஜன்னல், பாதி திறந்திருக்கு. இடது பக்கம் அலமாரி, கதவு சரியா மூடலை. மேஜை ஓரத்துல தண்ணி டம்ளர், கை பட்டா விழும்." சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அவளுடைய வண்டிப் பாடத்தின் குரல் அது, அதே சீர். ஆளே இல்லாமல் பதினாறு வருடம் ஓடிய குரல். மேடம் ஏமாந்துவிடுவார் என்று நினைத்தேன். வாயைத் திறக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மேடம் முழுதும் கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா சொன்னீங்க. இதைச் சொன்னப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

கீழே கடையில் யாரோ ஷட்டரை ஏற்றினார்கள்.

"ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அண்ணி.

"அப்போ நாற்காலியில இருந்தது?"

"வண்டியில பாடம் எடுக்கறவ."

மேடம் நோட்டில் எதையோ அடித்துவிட்டு, "அப்போ இந்த வழி உங்களுக்கு வேண்டாம். இதை நீங்க தொழிலா பண்ணியிருக்கீங்க, மறைஞ்சுக்க இதுவே உங்களுக்கு இடமாயிடுச்சு. வேற பார்ப்போம். நானும் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார். யோசிக்க வேண்டும் என்று ஒரு டாக்டரும் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அண்ணி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரத்திலிருந்து அவள் தனியாகப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்பது முழுவதும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவள் வளர்ந்த வீட்டில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது மட்டும் தெரியும். அழுதாலும் அடி, பயந்தாலும் அடி. குழந்தை அங்கே இல்லாமல் போகப் பழகிக்கொண்டது. "அன்னிக்கு அது உங்களைக் காப்பாத்தின வழி. அதைத் திட்டாதீங்க. இப்போ அது தேவையா இல்லையான்னு மெதுவா அதுக்குக் காட்டுவோம்" என்றாராம் மேடம்.

காட்டிய விதம்தான் எங்கள் வீட்டைப் புரட்டிப்போட்டது. பாதத்தைத் தரையில் அழுத்துவது, குளிர்ந்த நீரில் கை வைப்பது எல்லாம் இருந்தது. அவற்றோடு ஒரு வீட்டுப்பாடமும் உண்டு: தினமும் ஒருமுறையாவது, தனக்குப் பிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் அண்ணிக்கு ஒன்றுமே அகப்படவில்லை. டீக்குச் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பதினோராவது நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இனிப்பு பிடிக்கலை" என்றாள். அண்ணன் ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவையே ஒளித்துவைத்தான்.

அப்புறம் மடை திறந்துகொண்டது. சோபா பிடிக்கவில்லை. அண்ணனின் குறட்டை பிடிக்கவில்லை. ஹாலில் கம்ப்ரஸர் கிடப்பது இருபது வருடமாகப் பிடிக்கவில்லையாம். என்னைப் பார்த்து ஒரு நாள், "உன் சிரிப்பு காதைக் கிழிக்குது" என்றாள். மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் போய், "தினமும் ஒண்ணுதானே சொன்னாங்க? நீங்க மொத்தமா ஸ்டாக் எடுக்கறீங்களா?" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கிறபோது கண்ணும் சேர்ந்து சிரித்தது. மூன்று நாள் கோபம் அந்த இடத்திலேயே செத்தது.

நேராகவே ஏறிக்கொண்டு போனது என்று சொல்ல முடியாது. இரண்டு மாதம் நன்றாக இருப்பாள். திடீரென்று ஒரு வாரம் முழுக்கக் காணாமல் போவாள். சாப்பிடுவாள், பேசுவாள், ஆனால் இருக்க மாட்டாள். அப்படி ஒரு வாரம் முடிந்து திரும்பிய பிறகுதான் வாலுவைச் சமையலறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நானும் அண்ணனும் ஹாலில் மூச்சுக்கூட விடாமல் ஒட்டுக்கேட்டோம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"நீ முதல்முதல்ல மேடையேறிப் பரிசு வாங்கினப்போ நான் கை தட்டினேன்ல? அப்போ நான் அங்க இல்லடி. போட்டோ பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியும்மா. நீ இல்லைன்னு சின்ன வயசுலயே தெரியும். என்னைப் பிடிக்காமத்தான் நீ போயிடறன்னு நினைச்சேன்" என்றாள் வாலு.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். உள்ளே இரண்டு பேரும் அழுதார்கள். அதற்குப் பிறகு வாலு கதவைச் சாத்துவது குறைந்தது. வேறு ஆசிரியரிடம் போகிறாயா என்று நான் கேட்டதற்கு, "அம்மா வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது முடிந்தது. தோழிகளெல்லாம் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். அவள் பஸ்ஸில் போனாள்.

ஒன்றரை வருடம் கழித்து, மாடி மேடமும் சரி என்று சொல்லி, முதலாளியும் இரண்டு மாதம் தானே பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துத் திருப்தியான பிறகு, அண்ணி மறுபடி வண்டியில் ஏறினாள். வாலுவின் பெயரை நான்தான் எழுதினேன். ஆசிரியர் என்ற இடத்தில் அண்ணியின் பெயரைப் போட்டேன். முதல் ஐந்து பாடமும் காலி மைதானத்தில், கோன்களுக்கு நடுவில். ஆறாவது பாடம் ரோட்டில். அன்றைக்கு மட்டும் நான் லீவு போட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வாலு நன்றாகத்தான் ஓட்டினாள். அதுதான் கெடுத்தது. இருபது நிமிடத்தில் தைரியம் தலைக்கேறிவிட்டது. சந்திலிருந்து மெயின் ரோட்டில் திரும்புகிற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். மறுபக்கத்திலிருந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்தது.

"ஏய்!"

நான் கத்தியதாகத்தான் முதலில் நினைத்தேன். இல்லை, கத்தியது அண்ணி. வண்டி குலுங்கி நின்றது. வேன் ஒரு முழ இடைவெளியில் கடந்துபோனது. அண்ணியின் கால் இன்னும் பிரேக்கில் இருந்தது. கை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. முகமெல்லாம் வியர்த்துப்போயிருந்தது.

"கண்ணை எங்கடி வச்சிருக்க? ரெண்டு பக்கமும் பாருன்னு எத்தனை தடவை சொன்னேன்? செத்தே போயிட்டேன் ஒரு நிமிஷம்! நெஞ்சு எப்படி அடிக்குது பாரு!"

வாலுவின் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். வாலு பயத்தில் அழுதுகொண்டே அம்மாவையே பார்த்தாள். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"அம்மா, நீ பயந்துட்டியா?" என்றாள் வாலு.

"பயப்படாம? நீ என் பொண்ணுடி!"

வாலுவின் அழுகை அப்படியே சிரிப்பாக மாறியது. இரண்டும் கலந்து மூக்கு ஒழுகியது. "இன்னும் திட்டும்மா" என்றாள்.

"முதல்ல வண்டியை ஓரமா நிறுத்து. இண்டிகேட்டர் போடு. கண்ணாடியைப் பாரு. அப்புறம் திட்டறேன்."

வாலு இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அண்ணி சொன்ன சொல் தவறாமல் முழுசாகப் பத்து நிமிடம் திட்டினாள். வாலு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.